முன்னாலேயே வைத்த மஞ்சள் புள்ளி

ஒரகடத்துக்குப் புதிதாக வந்து, கழுத்தில் கம்பெனி கார்டைத் தூங்கும்போதும் கழற்றாமல் திரியும் தம்பிமார்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வரும் புதுப் பையன்களுக்கு, லைனில் நின்று ரிட்டயர் ஆன யாராவது நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று என்னோடு ஒரே ரூமில் இருந்த சாம் சொன்னான். யாருலே அந்தப் பெரியவர் என்று கேட்டேன். நீதான் என்றான். எனக்கு வயது இருபத்தேழு. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. கான்ட்ராக்ட் வேலையில் இருபதில் சேர்ந்து இருபத்தாறில் வெளியே வந்தால் அதுதான் ஓய்வு பெறும் வயது. சால்வை போட மாட்டார்கள். ஒரு நாள் காலையில் கேட்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். அதுதான் பிரிவு உபசாரம்.

நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றவன். எழுத்துப் பிழைகளை சாம் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே படிக்கும்போது எங்காவது தூக்கம் வந்தால் அது அவன் திருத்திய இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லும் சாட்சிக்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. முதலில் கஷ்டம் வரும், நடுவில் கண்ணீர் வரும், கடைசியில் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் கல்யாணம் நிச்சயமாகும். கேட்கிறவர்கள் அல்லேலூயா சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். என்னுடையதில் கடைசியில் எதுவும் நிச்சயமாகவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குள் லேசாக ஒரு நடுக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஆண்டவரை நம்புவது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமையில்தான். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் கடைசியாக நின்றது கார் சீட் செய்யும் கம்பெனி. பேர் வேண்டாம். சாய்ந்துகொள்ளும் பகுதியையும் உட்காரும் பகுதியையும் சேர்த்துப் பிடிப்பது நாலு போல்ட். அந்த நாலையும் முடுக்குவதுதான் என் வேலை. போதுமான அளவு இறுகியதும் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும். டிக் கேட்டவுடன் அந்தப் போல்ட்டின் தலையில் மஞ்சள் மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு அடுத்த போல்ட். எனக்கு அடுத்து நிற்கிறவன் போல்ட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டான், புள்ளியைத்தான் பார்ப்பான். நாலு புள்ளி இருந்தால் பிளாஸ்டிக் கவரை மாட்டி அனுப்பிவிடுவான். பக்கத்து லைனில் டிக் எத்தனை என்று எண்ணும் மெஷின் இருந்தது. எங்கள் லைன் பழையது. எண்ணுவதற்கு நாங்கள்தான்.

இதில் ஒரு தொல்லை. ரெஞ்ச்சைப் பிடித்த கையோடு மார்க்கரையும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு தடவை ரெஞ்ச்சை வைத்து, மார்க்கரை எடுத்து, மார்க்கரை வைத்து, ரெஞ்ச்சை எடுக்க வேண்டும். ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். சீட் வந்து நின்றதும் முதலில் நாலு போல்ட்டிலும் டப்டப்பென்று புள்ளியை வைத்துவிடுவது. பிறகு நிம்மதியாக நாலையும் முடுக்குவது. ஒரு சீட்டுக்கு மூன்று நொடி மிச்சம். மூன்று நொடிக்கா இந்தப் பாடு என்று சிரிப்பீர்கள். ஒரு மாதம் அங்கே நின்றுவிட்டு வந்து சிரியுங்கள்.

அந்த வழிக்குப் பேர் வைத்தவனும் நான்தான். விசுவாசப் புள்ளி. நடக்கப் போவதை நடந்துவிட்டதாகவே நம்புவதுதானே விசுவாசம் என்று விளக்கம் வேறு சொல்வேன். லைனில் எல்லாரும் சிரிப்பார்கள். நெற்றியில் விபூதி பூசிச் சாமி கும்பிடுகிறவன்கூட, "எட்வினு, உங்க ஆளுங்க புள்ளி நல்லா வேலை செய்துப்பா" என்பான்.

அந்த வாரம் சனிக்கிழமை ஒரு லிஸ்ட் ஒட்டுவதாக இருந்தது. கான்ட்ராக்டில் இருக்கிறவர்களில் சிலரைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்ளும் லிஸ்ட். என் பேர் அதில் இருக்கும் என்று பேச்சு. ஊரில் அம்மா இதற்காக மூன்று வெள்ளிக்கிழமையாக உபவாசம். வடக்குப்பட்டில் நாங்கள் ஆறு பேர் இருந்த ரூமில் காலை ஜெபத்தில் என் பேரை சாம் முதலில் சொல்வான். மற்ற ஐந்து பேரின் தேவைகளையும் ஆண்டவர் அந்த வாரம் ஒத்திவைத்திருந்தார் என்றே சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை, காலை ஷிப்ட். பதினொரு மணி இருக்கும். எங்கள் லைன் லீடர் அக்கா என் பக்கம் வந்து நின்றார். வாலாஜாபாத்துக்காரர். நல்ல மனசு, கறாரான கண்.

"இன்னா எட்வினு, ஆபீஸ்ல உன்னப் பத்தி கேட்டுக்கினு இருந்தாங்க."

"என்னக்கா சொன்னீங்க?"

"வாய்தான் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம்னு சொன்னேன்."

"வாயையும் நல்லபடியாச் சொல்லிருக்கலாம்லாக்கா."

"அது பொய்யாயிடும்டா. நான் விரதத்துல கீறேன்."

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். லைன் நகர்ந்தது.

அக்கா போன பிறகு ஏழெட்டு சீட் முடித்திருப்பேன். அப்போதுதான் ஒரு எண்ணம் முதுகில் ஈரத் துணி பட்டது மாதிரி வந்து ஒட்டியது. அக்கா பேசிக்கொண்டிருந்தபோது என் முன்னால் நின்ற சீட்டில் நான் எத்தனை டிக் கேட்டேன்? மூன்று நினைவிருக்கிறது. நாலாவது, வலது பக்கம் பின்னால் இருப்பது, அதற்கு ரெஞ்ச்சைக் கொண்டுபோனதும் நினைவிருக்கிறது. டிக் நினைவில் இல்லை. அக்காவின் சிரிப்புதான் கேட்கிறது.

லைனைத் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தாண்டிய சீட்டுகள் எல்லாம் கவர் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் நாலு புள்ளி. எல்லாம் நான் வைத்தது. எது அந்தச் சீட் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. அதற்காகத்தானே புள்ளி, கண்டுபிடிப்பதற்கு. அதை நான் முன்னாலேயே வைத்துத் தீர்த்துவிட்டேன்.

அப்போதே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தியிருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும், சந்தேகம் வந்தால் இழுக்கலாம். பயிற்சியில் முதல் நாளே சொல்வார்கள், இழுத்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று. திட்ட மாட்டார்கள். ஆனால் கேட்பார்கள். முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்: முடுக்காத போல்ட்டில் புள்ளி எப்படி வந்தது? அதற்குப் பதில் சொன்னால் சனிக்கிழமை லிஸ்ட்டில் என் பேர் இருக்காது. சொல்லாவிட்டால் எங்கேயோ ஒருவர் அந்தச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பிரேக் அடிப்பார். இவ்வளவுதான் விஷயம். நான் கயிற்றைப் பார்த்தேன். அடுத்த சீட் வந்தது. முடுக்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் சாம் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் அதே கம்பெனியில் சீட் துணி தைக்கும் பிரிவில் இருந்தான். எனக்கு ஊர்ப் பக்கம்தான், திருநெல்வேலி.

"ஏலே, சோத்தத் திங்காம ஏன் கிண்டிக்கிட்டே இருக்க?"

"ஒரு போல்ட்டுல சந்தேகமா இருக்குலே. முடுக்காம விட்டுட்டேனோன்னு."

"சந்தேகந்தான? நிச்சயமாத் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"அப்போ அது பிசாசு காட்டுத பயம். நாளைக்கு ஆசீர்வாதம் வரப்போவுதுன்னா முந்தின நாள் இப்படித்தான் குழப்புவான்."

"பிசாசு ரெஞ்ச்ச எடுத்துட்டு வந்து போல்ட்டக் கழட்டுனானாக்கும்?"

"வெளயாடாத. பாரத்த அவர்ட்ட குடுத்துட்டு நீ சாப்பிடு."

இரண்டு பேரும் தயிர்சாதத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தோம். நான் என்ன ஜெபித்தேன் என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "ஆண்டவரே, அந்தப் போல்ட்ட நீரே முடுக்கிவிடும்" என்றேன். கிண்டலுக்கு இல்லை, மனதார. சாமும் சிரிக்காமல் ஆமென் சொன்னான்.

நம்ப மாட்டீர்கள், சமாதானம் வந்தது. நெஞ்சில் இருந்த கல் கரைந்த மாதிரி. சோறு இறங்கியது. இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். சாமை இதில் குறை சொல்லவில்லை. அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். இந்த இடத்தைத் திருத்தும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும் மக்கா.

மறுபடி லைனுக்குப் போனேன். முதல் சீட் வந்து நின்றது. என் கை தானாக மார்க்கரை எடுத்தது. டப், டப், டப், டப். நாலு போல்ட்டிலும் புள்ளி.

அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு போல்ட்டுக்காகக் காலையிலிருந்து செத்துப் பிழைத்தவன், சமாதானம் கிடைத்ததும் செய்த முதல் வேலை அதே வேலை. அந்த நாலு புள்ளியும் ஈரம் காயாமல் பளபளவென்று இருந்தன. உள்ளே நாலு போல்ட்டும் லூஸ். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரி. எனக்குக் கிடைத்த சமாதானமும் அப்படித்தான் இருந்தது. நான் வைக்க வேண்டிய இறுக்கத்தை வைக்காமல், அதன்மேல் ஆமென் என்று ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆண்டவரை நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆண்டவர் பெயரை மார்க்கராக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. அந்தச் சீட்டில் உட்காரப் போகிறவருக்காக நான் ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. போல்ட்டுக்காகவும் இல்லை. லிஸ்ட்டுக்காகத்தான்.

இதெல்லாம் புரிந்தவுடன் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. புத்தி வந்தாலும் தைரியம் அடுத்த பஸ்ஸில்தான் வரும். யாருக்கும் தெரியாமல் நானே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். பாத்ரூம் போவதாகச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவனை நிற்கவைத்துவிட்டு, இன்னொரு ரெஞ்ச்சைத் துணியில் சுற்றிக்கொண்டு லாரியில் ஏற்றும் இடத்துக்குப் போனேன்.

லாரிக்குள் காலையில் முடித்த சீட்டுகள் இரும்பு ரேக்கில் அடுக்கி நின்றன. ஏறிக் குனிந்து, கவரைத் தூக்கி, ஒவ்வொன்றாக ரெஞ்ச்சை வைத்தேன். இறுகியிருந்தால் வைத்தவுடன் டிக் சொல்லிவிடும். டிக். டிக். டிக். வியர்வை கண்ணில் இறங்கியது. பதினோரு சீட் பார்த்திருப்பேன், வாசலில் லாரிக்காரப் பையன் நின்றான். என் வயதுதான் இருக்கும்.

"யோவ், உள்ள இன்னாய்யா பண்ற?"

"சீட்டுப் பாக்கேன்."

"சீட்டு பாக்கணும்னா ஷோரூம் போ. எறங்கு, டைம் ஆவுது."

"அந்தப் பக்கம் இருக்கதையும் பாத்துட்டு வந்துருதேன்."

"அதுக்கு முன்னாடி இருக்க ரேக்க நீ தூக்குவியா? எறங்குய்யா, கேட்டு தாண்டணும்."

இறங்கினேன். அவன் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினான். உள்ளே நாற்பது சீட்டுக்கு மேல் நான் பார்க்காதவை. அந்த இடத்தில் நின்று மறுபடியும் ஜெபிக்கப் பார்த்தேன். பெரிய சாட்சிகளில் இந்த இடத்தில் ஒரு மெல்லிய குரல் கேட்கும். எனக்கு லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம்தான் கேட்டது. கையில் ரெஞ்ச் கனத்தது.

ஓடினேன். லீடர் அக்கா லைன் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, லாரிய நிப்பாட்டச் சொல்லுங்க."

"இன்னாடா, மூச்சு வாங்குது?"

"ஒரு சீட்டுல ஒரு போல்ட்டு முடுக்கல. முடுக்கலன்னு நெனைக்கேன். எதுன்னு தெரியல."

அக்கா பேனாவை மூடினார்.

"புள்ளி பாத்தா தெரிஞ்சுடுமே."

"புள்ளி இருக்கும்க்கா. முடுக்குததுக்கு முன்னாடியே வச்சிருவேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால் எழுதிவிடுவேன்.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"பதினோரு மணிக்கு. நீங்க பேசிட்டுப் போனீங்கல்லா, அப்போ."

"மணி இப்ப ஒன்ற ஆவப்போவுது. காலைலேர்ந்து வாய் ஓயாம பேசுற, இதச் சொல்றதுக்கு மட்டும் ரெண்டற மணி நேரம் ஆச்சா உனக்கு?"

கயிற்றை இழுத்தார். லைன் நின்றது. நிற்கும்போது ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும், குழந்தை பொம்மையில் வருவது மாதிரி. அந்த மெட்டைக் கேட்டாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தார்கள்.

லாரியைக் கேட்டில் நிறுத்தித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஷிப்ட் என்ஜினியர் வந்தார். சீட்டுகளை எல்லாம் இறக்கி, கவரைக் கழற்றி, வரிசையாக வைத்தார்கள். வேலை முடிந்து பஸ் ஏற வேண்டியவர்கள் எல்லாம் ரேக் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்டரு, இந்தப் பாவ அறிக்கைய காலைலயே செஞ்சிருந்தா நாங்க வூடு போய் சேந்துருப்போம்" என்று ஒருவன் என் காதுக்கு அருகில் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. இதை ஒரு அற்புதமாக வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ரெஞ்ச்சை என்னிடம் தரவில்லை. அக்காவே எடுத்துக்கொண்டார். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். ஒவ்வொரு சீட்டாக, நாலு நாலு டிக். தம்பிகளே, அந்த நேரத்தில் நான் செய்த ஜெபத்தைக் கேட்டால் ஆண்டவருக்கே தலை சுற்றியிருக்கும். லூஸ் போல்ட் இருக்கக் கூடாது ஆண்டவரே என்றேன். அடுத்த மூச்சில், ஐயையோ, இல்லாவிட்டால் ஒன்றுமில்லாததுக்கு எல்லாரையும் நிறுத்திவைத்த பைத்தியக்காரன் ஆவேனே, ஒன்றாவது கிடைக்கட்டும் என்றேன். எது நடந்தாலும் லிஸ்ட் போனது போனதுதான். அது தெரிந்தும் மனசு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

இருபதுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. எல்லாம் டிக். என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சீட்டில் வலது பக்கம் பின்னால் அக்கா ரெஞ்ச்சை வைத்தார். டிக் சொல்லவில்லை. ரெஞ்ச் சுற்றியது. அரைச் சுற்று, முக்கால் சுற்று. பிறகுதான் டிக்.

கிடைத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தேன்.

"அதேதான்க்கா. வலது பின்னால. அந்த ஒண்ணுதான்."

அக்கா நிமிரவில்லை. அடுத்த சீட்டுக்குப் போனார்.

"போதும்க்கா, அதுதான் நான் சொன்னது."

"நீ சொன்னா போதுமா? மீதிய எவன் பாக்குறது?"

ஐந்து சீட் தள்ளி இன்னொன்று சுற்றியது. இடது பக்கம் முன்னால். அக்கா கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். என்ஜினியர் எழுதுவதை நிறுத்தினார். நான் அந்தப் போல்ட்டைப் பார்த்தேன். மஞ்சள் புள்ளி, வட்டமாக, அழகாக. அந்தச் சீட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததே இல்லை. கடைசி ரேக்கில் மூன்றாவதும் இருந்தது.

நான் பயந்தது ஒன்றுக்கு. இருந்தது மூன்று. மற்ற இரண்டையும் அனுப்பிவிட்டு நான் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். நம் கூட்டங்களில் எப்போதும், பயம் வந்தால் அது எதிரியிடமிருந்து, சமாதானம் வந்தால் அது ஆண்டவரிடமிருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். நானும் மைக் பிடித்துச் சொன்னவன்தான். அன்றைக்கு அது தலைகீழாக இருந்தது. அந்தச் சமாதானத்தை நானே தயிர்சாதத்தோடு பிசைந்துகொண்டேன். ஆண்டவர் அனுப்பியது அந்தப் பயம். அந்த ஒரு போல்ட்டைப் பற்றிப் பயம் வந்திருக்காவிட்டால் மூன்று சீட்டும் கேட்டைத் தாண்டியிருக்கும். நல்ல மேய்ப்பர் கம்பால் மெதுவாகத் தட்டுகிறார். நாமோ, பிசாசே அப்பாலே போ என்று அவரையே விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

என்ஜினியர் சத்தம் போடவில்லை.

"எவ்ளோ நாளா இப்படி முன்னாடியே புள்ளி வைக்கிற?"

இதுதான் நான் பதினோரு மணியிலிருந்து பயந்த கேள்வி. அது வந்தபோது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஏனென்றால் காலையில் பயந்தது லிஸ்ட்டுக்காக. இப்போது பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் அந்தப் பதிலுக்குள் எத்தனை சீட் இருக்கிறது என்று தெரிந்தது.

"சேர்ந்து ரெண்டாவது மாசத்துல இருந்து சார்."

"அப்படின்னா?"

"ஒன்றரை வருசம் இருக்கும் சார்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "வேற யார் யார்?" என்று கேட்டார். "என்னப் பத்தி மட்டும் கேளுங்க சார்" என்றேன். அவருக்கே தெரிந்திருக்கும். திங்கட்கிழமை லைனில் எல்லா மார்க்கரையும் வாங்கி, டிக் எண்ணும் மெஷின் வரும்வரை புள்ளி வைக்க மட்டும் தனியாக ஆள் போட்டார்கள்.

"சரி, போ" என்றார். நாலடி போனதும், "இல்ல, இரு. எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். எழுதிக் கொடுத்தேன். இதைவிடப் பிழை அதிகம், அப்போது சாம் பக்கத்தில் இல்லை.

சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். பார்க்கப் போகவில்லை. அக்கா வந்து நின்றார். "இல்லடா" என்றார். "தெரியும்க்கா" என்றேன். "சொல்லாம இருந்துருந்தா இருந்துருக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ சொல்லலன்னா நான் சொன்ன பேச்சு பொய்யாப் பூட்டுருக்கும். சுத்தம்னு சொன்னேன்ல" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. கான்ட்ராக்ட் முடியும்வரை மூன்று மாதம் நின்றேன். பிறகு கார்டு சிவப்பு காட்டியது.

இப்போது படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். உங்களில் பாதிப் பேர் என் ஆட்டோவில் வந்தவர்கள்தான். காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று என் முதுகில் தட்டினவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.

கார் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அங்கே நிற்கிற வண்டிகளை எல்லாம் பார்த்தார்கள். என்ன கண்டார்கள் என்று கான்ட்ராக்ட்காரனிடம் யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே விற்றுப் போன வண்டிகளை சர்வீஸுக்கு வரும்போது பார்ப்பார்கள் என்று அக்கா சொன்னார். வராத வண்டியை? அந்த மாடல் கார் எனக்கு முன்னால் போனால் இன்றைக்கும் என் கை ஹேண்டில்பாரில் இறுகிவிடும். உள்ளே ஒருவர் சீட்டை நன்றாகச் சாய்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் நம்பிக்கை என்பது எங்கே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சீட் என் முன்னால் நின்றபோது ஆண்டவர் என்னிடம் கேட்டது ஜெபம் இல்லை, ஒரு டிக். லாரி கேட்டுக்குள் இருந்தபோது கேட்டது ஒரு வாய்ச்சொல். அதை எல்லாம் செய்யாமல் அவர்மேல் பாரத்தை வைத்தேன் என்றால் அது என் சோம்பலையும் பயத்தையும் அவர் தலையில் ஏற்றுவது. ஆனால் இப்போது ரோட்டில் ஓடுகிற அந்த வண்டிகளை நான் தொட முடியாது. எந்த ஊரில், யார் வீட்டு வாசலில் நிற்கின்றன என்றுகூடத் தெரியாது. என் கைக்கு எட்டாதது அவர் கைக்கு எட்டும் என்று ஒவ்வொரு நாளும் நான் நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அப்படி நம்பியும் நடுக்கம் போகவில்லை. நடுக்கத்தோடுதான் நம்புகிறேன். அது குறைவான விசுவாசமா என்று எனக்குத் தெரியாது. பழையதைவிட உண்மையானது என்று மட்டும் தெரியும்.

லிஸ்ட் ஒட்டிய அன்று அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதாள். பிறகு, "அப்போ மூணு வாரமா நான் பட்டினி கெடந்தது எதுக்குலே?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. அந்த மூணு சீட்டுக்காக இருக்கும்."

"சரி, இனிமே நான் எதுக்கு ஜெபிக்க?" என்றாள்.

"காருல போறவங்களுக்கு ஜெபிங்கம்மா."

"எந்தக் காருல?"

"அது எனக்கும் தெரியலம்மா."

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, பொண்ணு பார்க்கட்டுமா என்று எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும்போது நினைவு வந்தவள் மாதிரி கேட்டாள்.

"அந்தக் காருக்காரங்களுக்கு இன்னும் ஜெபிக்கணுமாலே?"

"ஆமாம்மா."

"எத்தன நாளைக்கு?"

"அந்தக் காரெல்லாம் ஓடுற நாள் வரைக்கும்."

"சரி" என்றாள் அம்மா. "பேரு தெரியாதவங்கன்னு சொல்லிக்கிடுதேன். அவருக்குத் தெரியும்லா."